சாமி பார்க்கவில்லை என்றால் எதற்கு நல்லவனாக இருக்க வேண்டும்?

கேள்வி: நான் 41 வயதுச் செவிலியர். கடைசி ஐந்து வருடமாகப் புற்றுநோய் வார்டில் வேலை. பக்தியான வீட்டில் வளர்ந்தவள்தான். சில மரணங்களைப் பார்த்த பிறகு நம்பிக்கை மெல்ல மெல்லக் கழன்றுவிட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. முன்பெல்லாம் நோயாளி அழுதால் எனக்கும் கண் கலங்கும். இப்போது மரத்துப்போய்விட்டேன், வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேசவே பிடிப்பதில்லை. "எனக்குச் சரியாயிடும்ல சிஸ்டர்?" என்று கேட்ட ஒருவரிடம் "கண்டிப்பா சரியாயிடும்" என்றேன். பத்தாம் நாள் இறந்துவிட்டார். அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது. இதற்கு நடுவே 12 வயது மகன் கேட்கிறான்: "சாமி இல்லேங்கிற. அப்புறம் யாரும் பார்க்காதப்போ தப்பு பண்ணா என்னம்மா?" மதம் இல்லாமலே கருணையை வைத்து அறத்தோடு வாழலாம், நிலைத்த மகிழ்ச்சியும் அதிலேயே கிடைக்கும் என்று படிக்கிறேன். எனக்குக் கருணை தந்தது களைப்புதான். தவிரவும், மகிழ்ச்சிக்காகக் கருணை காட்டினால் அதுவும் சுயநலம்தானே?

பதில்: அன்புள்ள சகோதரி,

கருணை களைப்பைத் தந்தது என்ற வரியிலிருந்து தொடங்குகிறேன். மற்றக் கேள்விகளின் முடிச்சும் அங்கேதான் இருக்கிறது. உங்களைக் களைக்க வைத்தது கருணை இல்லை. கருணைக்கு மிக அருகில், பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிடுவதால்தான் நல்ல செவிலியர்கள் பலர் "என்னிடம் இரக்கம் தீர்ந்துபோச்சு" என்று தங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஒரு படுக்கையருகில் நடப்பதைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். டிரெஸ்ஸிங் மாற்றும்போது நோயாளி முகத்தைச் சுளிக்கிறார். அந்த அரை நொடியில் உங்கள் தோள்கள் காதுப்பக்கம் ஏறுகின்றன, தாடை இறுகுகிறது, மூச்சு பாதியில் நிற்கிறது. வலி தொற்றிக்கொண்டுவிட்டது. ஒரு குழந்தை அழுதால் பக்கத்துத் தொட்டில் குழந்தையும் அழுமே, அந்த மாதிரி. அடுத்த கட்டத்தில், இது அவருடைய வலி என்று தெரிந்தே அதில் பங்கெடுக்கிறீர்கள். இதை உடன்வலி என்று வைத்துக்கொள்வோம். பாதை பிரிவது இங்கேதான். கவனம் உங்களுக்குள் எழுந்த தவிப்பின் மேலேயே நின்றுவிட்டால், அந்தத் தவிப்பை அடக்குவதுதான் மனத்தின் முதல் வேலையாகிவிடும். சட்டென்று கட்டை முடித்துவிட்டு நகரத் தோன்றும். நகர முடியாத வார்டில், நாளுக்கு இருபது முறை இது நடந்தால், மனம் மரத்துப்போகும். அதுவே கவனம் அவர் பக்கம் திரும்பி, "இவருக்கு இது குறையணும், அதுக்கு இப்போ என்னால என்ன முடியும்" என்று நகர்ந்தால் அதன் பெயர் கருணை. ஆக, உங்கள் மரத்தன்மை இரக்கமில்லாததால் வந்ததில்லை. வருடக்கணக்கில் திறந்தே கிடந்த கதவை மனம் தானாகச் சாத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

இது வெறும் சொல் விளையாட்டில்லை என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. 2004-இல் மூளை ஆய்வாளர் டானியா சிங்கர் குழுவினர் இணையர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பெண் மூளை ஸ்கேன் கருவிக்குள் இருப்பார், அவருடைய துணைவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். துணைவரின் கைக்கு மின்னதிர்ச்சி தரப்படுகிறது என்ற சைகை வந்தாலே பெண்ணின் மூளையில் முன் இன்சுலா, முன் சிங்குலேட் என்ற பகுதிகள் இயங்கின. தனக்கே வலிக்கும்போது அந்த வலியைத் துன்பமாக உணர்வதில் பங்கு வகிக்கும் பகுதிகள் அவை. பின்னாளில் ஓல்கா கிளிமெக்கி என்ற ஆய்வாளரோடு சேர்ந்து சிங்கர் இன்னும் ஒரு படி போனார். ஒரு குழுவினருக்கு முதலில் பிறர் துன்பத்தோடு ஒன்றிப்போகும் பயிற்சி தரப்பட்டது. துயரக் காட்சிகளைப் பார்த்தபோது அவர்களின் மனச்சுமை கூடியது. அதே ஆட்களுக்கு அடுத்ததாகக் கருணைப் பயிற்சி தரப்பட்டது. சுமை பழைய அளவுக்கு இறங்கியது, கனிவும் நல்லுணர்வும் ஏறின, மூளையில் இயங்கிய வலைப்பின்னலும் வேறாக இருந்தது. உடன்வலியில் தேங்கிப்போன ஒருவர் பயிற்சியால் கருணைப் பக்கம் நகர முடியும் என்பதுதான் இதில் உங்களுக்கான செய்தி.

எப்படி நகர்வது? தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லப்போவதில்லை. உங்கள் டியூட்டியிலேயே அதற்கென்று ஒரு இடைவெளி இருக்கிறது. நோயாளியைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் கையைச் சுத்தம் செய்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, கைத்தேய்ப்புத் திரவம் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி. அந்த நொடிகள் உங்களுடையவை.

தொடும் முன்: திரவத்தை உள்ளங்கையில் ஊற்றியதும் மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். உள்ளிழுப்பதை விட வெளிவிடுவது நீளமாக இருக்கட்டும். தோள்கள் தானாக இறங்கும். விரலிடுக்குகளைத் தேய்க்கும்போது பாதங்கள் தரையில் அழுந்துவதைக் கவனியுங்கள். கட்டைவிரலுக்கு வரும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்து மனத்துக்குள் ஒரே ஒரு வாக்கியம்: "உங்க வலி குறையணும்." நீங்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே இருக்கட்டும், ஏட்டு மொழி வேண்டாம். பிறகு வாய் திறந்து ஒரு கேள்வி: "இப்போ எது செஞ்சா உங்களுக்குக் கொஞ்சம் சௌகரியமா இருக்கும்?" பதிலாக வருவது பெரும்பாலும் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். தலையணையை ஏற்றி வைப்பது, உதட்டை நனைப்பது, ஜன்னல் திரையை இழுத்துவிடுவது. ஒன்றைச் செய்யுங்கள். வலி அதிகம் என்றால் 0 முதல் 10 வரை எவ்வளவு என்று கேட்டு, குறித்து, மருத்துவரிடம் சொல்லுங்கள். வலியை எண்ணாக்கி மேலே கொண்டுபோவதும் கருணையின் செயல்தான், சொல்லப்போனால் அந்த வார்டில் அதைவிடப் பெரிய கருணைச் செயல் அதிகமில்லை.

தொட்ட பின்: மறுபடி கையைத் தேய்க்கும்போது, "என்னால ஆனதைச் செஞ்சேன். மிச்சம் என் கையில இல்ல." அந்தப் படுக்கையை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

முதல் வாரம் ஒரு ஷிஃப்டில் ஒரே ஒரு படுக்கைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். எல்லாப் படுக்கைக்கும் முதல் நாளே செய்யப் போனால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். எந்தப் படுக்கை என்பதை ஷிஃப்ட் மாறும்போதே முடிவு செய்துவிடுங்கள். "நேரம் கிடைக்கும்போது" என்று வைக்கும் தீர்மானம் நிற்காது. "அந்தப் படுக்கைக்குத் திரவத்தைக் கையில் ஊற்றினால் மூச்சை விடுவேன்" என்று ஒரு செயலோடு இன்னொன்றை முடிச்சுப் போட்டால் நிற்கும்.

எங்கே தவறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலரும் உணர்ச்சிக்காகக் காத்திருப்பார்கள். மனம் கனியவில்லையே, வாய் மட்டும் சொல்கிறதே என்று நிறுத்திவிடுவார்கள். தொடக்கத்தில் கனியாது, கனிய வேண்டியதும் இல்லை. விருப்பமும் செயலும் இருந்தால் போதும், உணர்ச்சி பின்னால் வரும், சில நாள் வராமலும் இருக்கும். இன்னொன்று, "வலி குறையணும்" என்ற விருப்பம் சத்தமில்லாமல் "குறைந்தே ஆகணும்" என்ற பிடிவாதமாக மாறுவது. புற்றுநோய் வார்டில் அது நாள்தோறும் தோற்கும். விளைவுக்கு உங்களை ஜாமீன் கொடுக்காதீர்கள். மூன்றாவது, நோயாளியோ உறவினரோ நன்றி சொன்னால்தான் நிறைவு என்று ஆகிவிடுவது. அப்படியானால் முணுமுணுக்கும் நோயாளி உங்களுக்கு எதிரியாகத் தெரியத் தொடங்குவார்.

வீட்டில் ஒரு 12 நிமிடம் முடிந்தால் நல்லது. 2 நிமிடம் மூச்சைக் கவனித்தல். 4 நிமிடம், நினைத்தாலே முகம் மலரும் ஒருவரை மனத்தில் கொண்டுவந்து "நீ நல்லா இருக்கணும், உன் கஷ்டம் குறையணும்" என்று விரும்புதல். அதே விருப்பத்தை 3 நிமிடம் உங்கள் மேல் திருப்புதல். கடைசி 3 நிமிடம், பிடித்தவர் பிடிக்காதவர் என்று எதுவும் தோன்றாத ஒருவர் மேல், உதாரணமாகத் தினமும் பார்த்தும் பெயர் தெரியாத ஒருவர் மேல். முதல் இரண்டு வாரம் மூச்சும் பிடித்தவரும் மட்டும் போதும், மற்றவர்களைப் பிறகு சேர்க்கலாம். உங்களை வதைத்த ஆளை எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டாம். நீந்தத் தெரியாதவர் ஆழத்தில் இறங்குவது போல அது. இந்த மாதிரிப் பயிற்சிகள் பல இடங்களில் 8 வார வகுப்பாக நடத்தப்படுகின்றன, நீங்களும் அந்த அளவுக்கு அவகாசம் கொடுங்கள். இறந்துபோனவர்களின் முகங்கள் திரளாக வந்து மூச்சு முட்டினால் கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் இருக்கும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்றைக்கு அதோடு போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறையால் வரும் களைப்பை மூச்சுப் பயிற்சியால் தீர்க்க முடியாது. இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்த்தால் யாருடைய கருணையும் தேயும். எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை பேர், எந்த மருந்து எவ்வளவு தாமதமானது என்று இரண்டு வாரம் குறித்து வைத்து, சக செவிலியர்களோடு சேர்ந்து பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். கருணை என்றால் எல்லாவற்றையும் பொறுத்துப்போவது என்ற எண்ணம் செவிலியர்களை நிறையச் சுரண்டியிருக்கிறது. இன்னொன்று: மனச்சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தூக்கக் கேடு இவை பெரும்பாலான நாள்களில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

இப்போது அந்தப் பொய்.

அதை இரக்கத்தால்தான் சொன்னீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரக்கம் யாருடைய தவிப்பை ஆற்றியது என்று கேட்டுப் பாருங்கள். அவர் கேள்வியைக் கேட்டதும் உங்கள் நெஞ்சில் எழுந்த இறுக்கம் "கண்டிப்பா சரியாயிடும்" என்றதும் தளர்ந்திருக்கும். மேலே சொன்ன இரண்டு பாதைகளில் முதல் பாதை அது. நோக்கம் நல்லதாக இருந்தும் அறம் தடுமாறுவதற்கு இது ஒரு தெளிவான உதாரணம். கருணைக்குப் பகுத்தறியும் கண் வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். யாரையெல்லாம் இது தொடும், இன்றைக்கு ஆறுதல் தருவது அடுத்த வாரம் எதைப் பறிக்கும், அவர் இடத்தில் நானிருந்தால் எதைத் தெரிந்துகொள்ள விரும்புவேன், என் சொல் பின்னால் வெளிப்பட்டால் அவர் முகத்தைப் பார்க்க முடியுமா. மதமோ கடவுளோ இல்லாமல், நல்லெண்ணமுள்ள யாரும் கேட்டுக்கொள்ளக்கூடிய கேள்விகள் இவை. அந்த நோயாளிக்கு ஒருவேளை யாரிடமாவது பேச வேண்டியிருந்திருக்கலாம், எழுதிவைக்க வேண்டியிருந்திருக்கலாம். "கண்டிப்பா" என்ற சொல் அதற்கான கதவை மூடும்.

அதற்காக, மூஞ்சியில் அடித்த மாதிரி உண்மையைச் சொல்லிவிடுவதும் கருணையில்லை. நோயின் போக்கைச் சொல்வது மருத்துவரின் பொறுப்பு. அதோடு, அந்தக் கேள்வியைக் கேட்பவர் எப்போதும் விடை கேட்பதில்லை. அடுத்த முறை இப்படி முயன்று பாருங்கள். முதலில் ஸ்டூலை இழுத்து உட்காருங்கள், நின்றுகொண்டு பேசும் பேச்சு இல்லை இது. "இப்போ ஏன் இதைக் கேக்குறீங்க? மனசுல என்ன ஓடுது?" சொல்லட்டும். "டாக்டர் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்கார்?" எவ்வளவு புரிந்திருக்கிறது என்று இதில் தெரியும். "எல்லா விவரமும் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்களா, இல்ல கொஞ்சம் கொஞ்சமா போதுமா?" தெரிய வேண்டும் என்றால், "டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்றேன், அவர் உங்ககூட உக்காந்து பேசட்டும்" என்று சொல்லி அதை மறக்காமல் செய்யுங்கள். வேண்டாம் என்றால் அதையும் மதியுங்கள். கடைசியாக, நிச்சயம் காப்பாற்றக்கூடிய வாக்கை மட்டும் கொடுங்கள்: "வலி வந்தா உடனே கூப்பிடுங்க, நான் டியூட்டியில இருக்கிற நேரம் கண்டிப்பா வருவேன்." இந்தக் "கண்டிப்பா" பொய்யாகாது. பேசி முடித்ததும் ஒரு பத்து நொடி மௌனமாக இருங்கள். அந்த மௌனத்தில்தான் பலர் உண்மையான கேள்வியைக் கேட்பார்கள்.

நடந்துபோனதற்கு உங்களைத் தண்டித்துக்கொண்டே இருப்பதால் இறந்தவருக்கோ இனி வருபவருக்கோ எந்தப் பயனும் இல்லை. நண்பர் ஒருவர் இதையே உங்களிடம் சொல்லி அழுதால் என்ன சொல்வீர்களோ, அதை ஒரு தாளில் எழுதி உங்களுக்கே வாசியுங்கள். செய்தது தவறு என்பதையும் அதில் எழுதுங்கள், மழுப்ப வேண்டாம்.

கடவுள் இல்லாமல் அறம் எதன் மேல் நிற்கும்? இந்தக் கேள்வி நாத்திகர்களின் கண்டுபிடிப்பு இல்லை. தெய்வங்களுக்குப் பிடித்ததால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் அவர்களுக்குப் பிடிக்கிறதா என்று சாக்ரட்டீஸ் பேசியதாக 2,400 ஆண்டுகளாகப் படித்துவருகிறோம். இரண்டாவதுதான் சரி என்றால், நன்மைக்கு நம்பிக்கையைத் தாண்டிய ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அந்தக் காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்களுக்குத் தலைவலி வந்தால் அது நிற்க வேண்டும் என்று விரும்ப எந்த வேதமும் தேவைப்படவில்லை. ஏன் நிற்க வேண்டும்? வலிக்கிறது, அதனால். அந்தக் காரணம் பக்கத்துப் படுக்கையிலும் அப்படியே இருக்கிறது. "என்னுடையது" என்ற ஒட்டுச்சீட்டைத் தவிர இரண்டு வலிக்கும் வேறுபாடு கிடையாது. சாந்திதேவர் 8-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய வாதம் இது. அவர் பௌத்தத் துறவி, ஆனால் வாதத்தை ஏற்கப் பௌத்தராக வேண்டியதில்லை. அறம் ஊன்றி நிற்கும் அடுத்த கால், நாம் ஒருவரையொருவர் சார்ந்து கிடக்கிறோம் என்பது. பிறந்த அன்று யாரோ தூக்கவில்லையென்றால் நீங்களும் இல்லை, நானும் இல்லை.

இதிலிருந்து கணக்குப் போட்டது போல அறம் பிறந்துவிடாது. உலகம் இப்படி இருக்கிறது என்பதிலிருந்து இப்படி நடக்க வேண்டும் என்பது தானாக வராது என்று 18-ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் என்ற தத்துவ அறிஞர் சுட்டிக்காட்டினார், அது உண்மைதான். பிறர் வலி எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்பவரைத் தர்க்கத்தால் மட்டும் திருப்ப முடியாது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரு பொய்க்காக இவ்வளவு நாள் உறுத்திக்கொண்டிருக்கிறீர்களே, அதுதான் அடித்தளம். தமிழில் அன்பு, அருள் என்று இரண்டு சொல் வைத்திருக்கிறோம். அன்பு நம்மவர் மேல் தானாகச் சுரப்பது. அருள் உறவின் எல்லையைத் தாண்டி எல்லா உயிர் மேலும் படர்வது. முதலாவது இயற்கையாகவே வந்துவிடுகிறது. 18 மாதக் குழந்தைகள், பெரியவர் கைநழுவவிட்ட பொருளைக் கேட்காமலே எடுத்துக்கொடுப்பதை வார்னெக்கன், டோமசெல்லோ என்ற உளவியலாளர்கள் 2006-இல் காட்டினார்கள். இரண்டாவதற்கு அறிவும் பயிற்சியும் வேண்டும்.

மதம் சாராத அறம் என்றால் மதத்துக்கு எதிரான அறம் என்று பொருளில்லை. அதை இன்று உலகெங்கும் வலியுறுத்துபவர்களில் முதன்மையானவரான தலாய் லாமாவே ஒரு மதத் தலைவர்தான். எல்லா மதங்களையும், எந்த மதமும் இல்லாதவரையும் சமமாக மதிப்பது என்ற இந்தியப் பொருளிலேயே அந்தச் சொல்லை அவர் கையாள்கிறார். ஆகவே அம்மாவோடு வாதாடாதீர்கள். அவர் கும்பிடும்போது பக்கத்தில் உட்காருங்கள். கேட்டால் மட்டும், "எனக்கு இப்போ அந்த நம்பிக்கை இல்லம்மா, ஆனா நீ சொல்லிக்குடுத்த நல்லது எதையும் நான் விடல" என்று சொல்லுங்கள்.

நம்பிக்கை இருந்தால் மட்டும் நல்ல செயல் வந்துவிடும் என்பதும் இல்லை. 1973-இல் டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேசப் போகச் சொன்னார்கள். வழியில் ஒருவர் துவண்டு இருமிக்கொண்டு கிடப்பார், அது ஏற்பாடு. அவசரமில்லாத மாணவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள், ஓரளவு அவசரத்தில் 45, மிகுந்த அவசரத்தில் 10. வழியில் கிடந்தவருக்கு உதவிய நல்லவரின் கதையைப் பற்றிப் பேசவே அவர்களில் பாதிப் பேர் போய்க்கொண்டிருந்தார்கள், அதனாலும் குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை. இதைப் படித்துவிட்டு யாரையும் இளக்காரமாக நினைக்காதீர்கள். டியூட்டிக்கு 10 நிமிடம் முன்னதாகப் போகப் பாருங்கள். அறத்துக்கு நேரம் என்ற இடுபொருள் தேவை, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மகிழ்ச்சிக்காகக் கருணை காட்டினால் சுயநலமா? தண்ணீர் குடித்தால் சுகமாக இருப்பது தாகம் இருப்பதால். தாகமே இல்லாதவருக்கு அந்தச் சுகம் கிடைக்காது. அதுபோல, இன்னொருவர் வலி குறைந்ததும் உங்களுக்கு நிம்மதி வருகிறது என்றால், அவர் நலனில் ஏற்கனவே உங்களுக்கு அக்கறை இருந்திருக்கிறது. ஜோசப் பட்லர் என்ற ஆங்கிலேய ஆயர் 18-ஆம் நூற்றாண்டில் இந்த வாதத்தை வைத்தார். நிம்மதியை மட்டும் குறிவைத்துப் போனால் வேலை கெட்டுவிடும். அடிக்கடி உள்ளே எட்டிப் பார்த்து "இப்போ சந்தோஷமா இருக்கேனா" என்று சோதித்தால் கவனம் மறுபடி உங்கள் மேலேயே திரும்பிவிடும், பழைய பாதைதான்.

நிலைத்த மகிழ்ச்சி என்ற பேச்சில் மிகைப்படுத்தலும் உண்டு, அதனால் அளவோடு சொல்கிறேன். வாங்கிச் சேர்ப்பதால் வரும் இன்பம் பழகிப்போகும். 1978-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேர் மற்றவர்களை விடக் குறிப்பிடும்படி மகிழ்ச்சியாக இல்லை, அன்றாடச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பமும் குறைந்திருந்தது. 2008-இல் உளவியலாளர் எலிசபெத் டன் குழுவினர் 46 பேருக்கு 5 அல்லது 20 டாலர் கொடுத்து மாலை 5 மணிக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். பிறருக்காகச் செலவழித்தவர்கள் அன்று மாலை கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள், தொகை எவ்வளவு என்பது முக்கியமாக இல்லை. இது ஒரு நாள் அளவு, ஆயுளுக்கான உத்தரவாதம் இல்லை. கட்டாயத்தில் கொடுத்தாலோ, கொடுத்தது யாருக்குப் பயன்பட்டது என்றே தெரியாவிட்டாலோ இந்த நிறைவு குறையும். உங்களுக்கு நடந்தது அதுவாகவும் இருக்கலாம். பணிச்சுமையில் கருணை கட்டாயமாகிவிட்டது, பலன் கண்ணில் படும் முன் அடுத்த படுக்கைக்கு ஓட வேண்டியிருந்தது. அதற்காக இரவில் ஒரு வரி எழுதிப் பாருங்கள்: இன்று யாருக்கு எது சற்றுக் குறைந்தது. "ஏழாம் படுக்கை, வாய் நனைத்தேன், தூங்கினார்." இந்த அளவு போதும்.

மகனிடம் வருவோம். நல்ல கேள்வி கேட்டிருக்கிறான், கோபப்படாததற்கு உங்களைப் பாராட்டுகிறேன். கடவுள் என்ற காவலாளிக்குப் பதிலாக "மனசாட்சி" என்ற இன்னொரு காவலாளியை நிறுத்தாதீர்கள். அவன் கேள்வியே காவலாளி இல்லாத நேரத்தைப் பற்றியது. "யார் பார்க்கிறார்கள்" என்பதிலிருந்து "யாருக்கு வலிக்கிறது" என்பதற்கு அவனை நகர்த்துங்கள். பொதுவாகப் பேசினால் 12 வயதுக்குச் சலிக்கும், ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பையனின் காம்பஸை எடுத்து உடைத்துவிட்டான், யாரும் பார்க்கவில்லை, பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டான் என்று வையுங்கள். கணக்குப் பரீட்சையில் அந்தப் பையன் பெட்டியைத் திறக்கும் நிமிடத்தை அவனையே சொல்லச் சொல்லுங்கள். முகம் எப்படி இருக்கும், யார் மேல் சந்தேகப்படுவான், வீட்டில் என்ன சொல்வான். பிறகு, "இப்போ யாராவது பார்த்திருந்தா அவனுக்கு வலி கூடியிருக்குமா, குறைஞ்சிருக்குமா?" பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வலி அதேதான் என்பதை அவன் வாயாலேயே சொல்லட்டும். அதற்கடுத்து, "சரி பண்ண என்ன வழி?"

கோபமாக இருக்கும்போதும், மற்றவர் முன்னாலும் இந்தப் பேச்சு வேண்டாம். "நீ கெட்ட பையன்" என்பதும் "நீ செஞ்சது அவனுக்கு வலிச்சிருக்கு" என்பதும் ஒன்றில்லை. முதலாவது அவமானத்தைத் தரும், அவமானப்பட்டவன் ஒளிவான். இரண்டாவது தவறைக் காட்டி, சரிசெய்ய இடம் விடும். அவசரமாக ஒரு "சாரி" வாங்கி முடித்துவிடாதீர்கள். காம்பஸுக்குத் தன் சேமிப்பிலிருந்து பாதியாவது அவன் போடட்டும். நல்லது செய்தால் பரிசு என்ற பழக்கத்தையும் ஆரம்பிக்க வேண்டாம். உதவியதற்குப் பொருள் பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள் பிறகு குறைவாகவே உதவினார்கள் என்று முன்னர் சொன்ன அதே ஆய்வாளர்கள் 2008-இல் கண்டார்கள். "நீ குடுத்ததும் அவன் முகம் எப்படி மாறுச்சு பாத்தியா?" என்று காட்டுங்கள், அது போதும்.

இந்தப் பேச்சின் நடுவில் அவன் ஒன்று கேட்பான், தயாராக இருங்கள்: "நீ பொய் சொன்னதே இல்லையாம்மா?" இருக்கிறது என்று சொல்லுங்கள். பெயர் எதுவும் சொல்லாமல், வார்டில் ஒருவர் கேட்டார், நான் பயந்துபோய் ஒரு பொய் சொன்னேன், யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை, கேட்டவரும் இப்போது இல்லை, இருந்தும் அடுத்தவர் அதே கேள்வியைக் கேட்டபோது ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன் என்று, உட்கார்ந்த பிறகு சொல்லுங்கள்.